ஊரோடு ஒட்டியவர்

எங்கள் வட்டார அலுவலகத்தின் கணக்கில் வயதானவர்கள் மூன்றே ரகம். ஊரோடு ஒட்டியவர், வீட்டோடு ஒட்டியவர், படுக்கையோடு ஒட்டியவர். சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து, தானே சாப்பிடுகிறாரா, தானே எழுகிறாரா, கக்கூஸ் போகிறாரா என்று பத்துக் கேள்வி கேட்டு மார்க் போடுவாள். இருபதுக்குப் பதினொன்றோ அதற்குக் கீழோ வாங்கினால்தான் அலுவலகச் செலவில் வீட்டுக்கு ஆள் வரும்; அதற்கு மேலே போனால் ஊரோடு ஒட்டியவர்தான். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அடி விழும். இங்கே கூடினால் விழும். இதை எங்கள் ஊர்க் கிழங்களுக்குப் புரியவைக்க நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒன்றாவது கேட்டதா? நர்ஸைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் மார்க் வாங்கத்தான் பார்க்கும்.

நான் அரிசிச் சேவை விற்கிறவள். விடிந்ததும் மீன் குழம்பு கொதிக்கவைத்து, பச்சை இலை தழையெல்லாம் தட்டில் அடுக்கிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் சட்டி காலியாகிவிடும். பிறகு சுகாதாரத் தொண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு நர்ஸுக்கு வழிகாட்டப் போவேன். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்தச் சுபின் அக்கா வந்தால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஒரு கெட்ட பேர் மட்டும் உண்டு.

திம் பெரியப்பாவின் வீடு என் கடைக்குப் பின்னால், ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்தில். பத்தலுங் பக்கத்தில் சண்டைக் காளை வளர்த்தவர்களைக் கேட்டால் அவர் பேரைச் சொல்வார்கள். அவருடைய காளை கறுப்பன் மோதாத களம் இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு முட்டை கொடுத்தாரோ இல்லையோ, கறுப்பனுக்குத் தினம் பச்சை முட்டையும் இளநீரும் உண்டு. ஒருமுறை பெரிய பந்தயத்துக்கு முன் கறுப்பனுக்குப் பின்னங்காலில் புண். எதிர்த்தரப்பு ஆட்கள் மாட்டைப் பார்த்து எடைபோட வந்தபோது, பெரியப்பா அதைத் தரையில் நடத்திக் காட்டவில்லை. வயல் சேற்றில் இறக்கி ஓட்டிப் போனார். சேற்றில் நடந்தால் எந்த மாடு நொண்டுவதும் தெரியாது. புண்ணோடு மோதி கறுப்பன் ஜெயித்தது. அந்தக் கதையை அவர் வாயால் கேட்காத ஆள் ஊரில் இல்லை.

இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபிறகு கதை சொல்வதும் நின்றுபோனது. இடது கை தொங்கிவிட்டது. இடது காலை இழுத்துத்தான் போடவேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வருவது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் பார்ப்பவள் மகள் நுவன்சான். ஐம்பதைத் தொட்டவள். கட்டிக்கொண்டவன் மலேசியாவுக்கு ஓட்டலில் வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். அண்ணன் விச்சியன் ஹாட்யாயில் டயர்க் கடை வைத்திருக்கிறான். போனில் விசாரிப்பான்.

நுவன்சானுக்கு இருந்தது ஒரே பிழைப்பு, பங்குக்கு ரப்பர் மரத்தில் பால் சீவுவது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரம் சீவிவிட்டு வருவாள். அதுவரை அப்பா தூங்குவார். சிக்கலெல்லாம் விடிந்தபிறகுதான். சிரட்டைகளில் பால் நிறைந்து நிற்கிற அதே நேரத்தில்தான் இங்கே அவர் நனைந்து கிடந்து முனகுவார். அவரைக் கழுவி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால் பால் உறைந்துபோயிருக்கும், இல்லாவிட்டால் மழை விழுந்து வீணாகியிருக்கும். முதலில் பாலை எடுக்கலாம் என்று போனால், வந்து பார்க்கும்போது அவர் கட்டிலுக்குக் கீழே கிடப்பார். இரண்டும் நடந்தது, ஒருதடவை இரண்டு தடவை இல்லை.

தோட்டத்துச் சொந்தக்காரர் டவுனில் நகைக்கடை வைத்திருக்கிறவர், கெட்டவரும் இல்லை. "மழை விட்டதும் ஒழுங்கா சீவுறதுன்னா நீயே சீவு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒருத்தி வந்து பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டால் போதும், தோட்டம் கையைவிட்டுப் போகாது. அதற்குத்தான் நான் அலுவலகத்தில் மல்லுக்கு நின்று அவர் பேரை மதிப்பீட்டில் சேர்த்தேன்.

நர்ஸ் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் நுவன்சானைப் பார்க்கப் போனேன். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் புளிக்குழம்புக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குக் கயிறு கட்டி, அப்பாவின் கைலிகளும் கிழிசல் துணிகளும் தொங்கின. காயாத துணியின் நாற்றத்தைக் குழம்பு வாசனையால் மறைக்க முடியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றேன். "நாளைக்கு டாக்டரம்மா வர்றதுக்குள்ள அவரைக் குளிப்பாட்டிராத."

"என்னக்கா சொல்ற?"

"காலைல எப்படிக் கெடப்பாரோ அப்படியே கெடக்கட்டும். இந்தத் துணியெல்லாம் இப்படியே தொங்கட்டும். வீடு நாறட்டும்."

அம்மியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "வெளியாளு வர்ற நேரத்துல அப்பாவப் பீயோட போட்டுவைக்கச் சொல்றியா? என்னைப் பெத்தவர்க்கா அது."

"பெத்தவர்தான். அதனாலதான் சொல்றேன். நீ கழுவித் தொடச்சு பவுடர் போட்டு உக்காரவெச்சா, அந்தப் பொண்ணு என்னத்தைப் பாக்கும்? ராஜா மாதிரி இருக்காரேன்னு எழுதிட்டுப் போயிரும். நீ பட்ட பாடு எந்தக் கட்டத்துல எழுதுவா?"

"பாத்தாத் தெரியாதா அக்கா? படிச்ச பொண்ணுதானே."

"தெரியாதுடி. நீ நல்லாப் பாத்துக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். அரைத்துக்கொண்டே, "அண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கான்," என்றாள்.

"அவன் எதுக்கு?"

"ஆபீஸ்ல இருந்து ஆளு வர்றப்ப வீட்டுல ஆம்பள இல்லாட்டி நல்லாருக்காதாம்."

உள்ளே கட்டிலிலிருந்து பெரியப்பா குழறிக்கொண்டு கேட்டார். "யாரு வர்றது?"

"டாக்டரம்மா வர்றாங்கப்பா. உங்களைப் பாக்க."

"என்னைப் பாக்கவா?" என்றார். கண் சுவரில் மாட்டியிருந்த கறுப்பனின் பழைய மூக்கணாங்கயிற்றுக்குப் போனது.

மறுநாள் மழை சற்று ஓய்ந்திருந்தது. நர்ஸ் பெண் ருங்கைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை ஊரில் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், வெள்ளை உடுப்பு போட்டவர்களெல்லாம் எங்களுக்கு டாக்டர்தான். நல்ல பெண். காலையிலிருந்து நாலைந்து வீடு ஏறி இறங்கி, முழங்கால்வரை சேறும் கண்ணில் தூக்கமுமாக வந்தாள்.

வாசலில் விச்சியனின் பிக்கப் நின்றது. உள்ளே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு துணிகூடக் கொடியில் இல்லை. சிமெண்டுத் தரை பளபளவென்று துடைத்துக் கிடந்தது. ஊதுபத்தி வேறு. பெரியப்பாவுக்கு முகச்சவரம் செய்து, முகத்திலும் கழுத்திலும் பவுடர் அப்பி, புத்தர் கோயிலுக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தொங்கிப்போன கையை மடியில் எடுத்துவைத்து, மேலே துண்டையும் போட்டிருந்தார்கள். நுவன்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்க டாக்டரம்மா, மொதல்ல சாப்பிடுங்க," என்றான் விச்சியன். ஹாட்யாயிலிருந்து திராட்சையும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தான். நுவன்சான் காப்பியும் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசியும் கொண்டுவந்து வைத்தாள். இறால் போட்டு வதக்கிய, மொச்சை மாதிரியான சதோக் கொட்டையும் இருந்தது. விடியுமுன்னே எழுந்து அப்பாவையும் வீட்டையும் கழுவி இத்தனையும் ஆக்கி முடித்திருக்கிறாள். அந்த வேலைக்குத்தான் அவளுக்கு ஆள் வேண்டும் என்று நாங்கள் கேட்கப் போகிறோம்.

ருங் காப்பியைக் குடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். "தாத்தா, நீங்களே சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்," என்றார்.

"சோறு பிசைஞ்சு, மீன்ல முள்ளு எடுத்து எல்லாம்?"

"வலது கை நல்லாத்தானே இருக்கு!" என்று விச்சியன் முந்திக்கொண்டான். ஒரு ஒட்டரிசிப் பொட்டலத்தை அப்பா கையில் கொடுத்தான். அவர் வலது கையால் இலையைப் பிரித்து வாயில் வைத்தார். மெல்லவும் செய்தார். தினமும் நுவன்சான் கஞ்சியை ஆற்றி ஊட்டுவதை நான் என் கடையிலிருந்தே பார்க்கிறவள்.

"முகம் கழுவுறது, சவரம்?"

"பாத்தாலே தெரியுதே டாக்டரம்மா," என்று சிரித்தான் அவன். "எங்கப்பா மாப்பிள்ளை மாதிரி இருக்காரு."

"எழுந்து நடப்பீங்களா தாத்தா? இங்கிருந்து அந்தக் கதவு வரைக்கும்?"

பெரியப்பா தரையைப் பார்த்தார். கண்ணாடிபோலத் துடைத்த சிமெண்டுத் தரை. பிறகு வாசலைப் பார்த்தார். ராத்திரி முழுக்க மழை பெய்து களம் குழம்பிக் கிடந்தது.

"தரை வழுக்கும். வெளிய நடக்குறேன்."

"பெரியப்பா, வேண்டாம்," என்றேன்.

"நீ சும்மா இரு. என் வீட்டு வாசல்ல நான் நடக்க உன்னைக் கேக்கணுமா?"

விச்சியன் தூக்கி நிறுத்தினான். அவர் மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு மகனின் கையைத் தட்டிவிட்டார். வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார். வலது காலை ஊன்றி, இடது காலைச் சேற்றோடு சேற்றாக இழுத்து, பலாமரம்வரை போய் அதில் ஒரு கை வைத்து நின்றார். திரும்பி வந்தார். கால் புதைந்து புதைந்து எழுந்ததால், சேற்றில் எவனும் இப்படித்தான் நடப்பான் என்று தோன்றியது. ருங் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நுவன்சான் தூணைப் பிடித்திருந்தாள். அப்பாவின் முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டியதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"கறுப்பனோட ஆளு! லேசுப்பட்டவரா?" என்றான் விச்சியன். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அவனை அடிக்க எழுந்த கையை அடக்கிக்கொண்டேன்.

திரும்ப வந்து உட்கார்ந்தபின் உடுப்பு போடுவது, படி ஏறுவது, குளிப்பது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள் ருங். பக்கத்தில் நின்ற நான் அவள் கூட்டி வைத்ததை எட்டிப் பார்த்தேன். பத்து. மிச்சமிருந்தது இரண்டே கேள்வி, ஒன்றுக்கும் இரண்டுக்கும். தினமும் போய்விடுகிறது என்று சொன்னால் அதற்கு மார்க் கிடையாது, பத்திலேயே நிற்கும், ஆள் வந்துவிடும். எப்பவாவது என்றால் கேள்விக்கு ஒன்று ஏறிவிடும்.

"கேக்குறதுக்குத் தப்பா நினைக்காதீங்க. தெரியாம போயிடுதா?" இந்தத் தடவை அவள் பெரியப்பாவைக் கேட்கவில்லை. நுவன்சானைப் பார்த்துக் கேட்டாள். எவ்வளவு கெட்டிக்காரப் பெண்!

பெரியப்பா மகளைப் பார்த்தார். காளைக் களத்தில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி நின்ற மனுஷன், அந்தப் பார்வையில் கும்பிட்டதைப்போல் இருந்தது.

"காரம் அதிகமானா எப்பவாவது வயிறு எளகும்," என்றான் விச்சியன். "அது எனக்கும்தான்."

"தம்பி, நீ பேசாத. அவளைத்தான் கேக்குறாங்க," என்றேன். "டாக்டரம்மா, தெனமும் போயிடுது. ஒரு நாளைக்கு அவ எத்தனை துணி அலசுறான்னு எனக்குத் தெரியும்."

விச்சியன் திரும்பினான். "நீங்க இந்த வீட்டுலயா படுக்குறீங்க அக்கா? எங்கப்பனோட மானத்தை உங்க சேவைக் கடையில வெச்சு விக்கப் போறீங்களா?"

"உங்கப்பன் மானத்தைத் தெனம் அலசிக் காயப்போடுறவளக் கேளுடா!"

"அக்கா, கொஞ்சம் இருங்க," என்றாள் ருங். "வீட்டுல பாத்துக்கிறவங்க சொல்றதைத்தான் நான் எழுதணும். நுவன் அக்கா, நீங்க சொல்லுங்க. தினமுமா, எப்பவாவதா?"

நுவன்சான் வாயைத் திறந்தாள். தினமும் என்ற சொல் அவள் உதடுவரை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரியப்பாவின் இடது கன்னத்துப் பவுடரில் கண்ணீர் ஒரு கோடு இழுத்தது. இடது பக்கம் அழுவதுகூட அவருக்குத் தெரியாது.

"எப்பவாவதுதான்," என்றாள்.

ருங் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "எப்பவாவதுதானா அக்கா?"

"ஆமா."

பன்னிரண்டு. பதினொன்றுக்கு மேலே ஒன்று. ஊரோடு ஒட்டியவர்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ருங் என்னிடம் மட்டும் சொன்னாள். "வயசான பெண்ணா இருந்தா கைலியைத் தூக்கியாவது நனைஞ்சிருக்கான்னு பாத்திருப்பேன் அக்கா. இவரை எப்படிப் பாக்குறது? உடம்பு இன்னும் மோசமானா கூப்பிடுங்க, திரும்ப வர்றேன்." இன்னும் மோசமாக என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

விச்சியனும் கிளம்பிவிட்டான். மறுபடி மழை பிடிப்பதற்குள் ஹாட்யாய் போய்ச் சேரவேண்டுமாம். "அப்பா இவ்வளவு நல்லா இருக்காரு, போன்ல நீ என்னென்னமோ சொல்லி எங்களைப் பயமுறுத்துற," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். திராட்சையைச் சாப்பிடச் சொன்னான். வண்டி என் கடையைத் தாண்டித் திரும்பும்வரை பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கியதும் சரிந்தார். நானும் அவளும் ஓடிப்போய்ப் பிடித்தோம். வெள்ளைச் சட்டை, கைலி, நாற்காலி, துடைத்த தரை எல்லாம் நாசமாயிற்று. இத்தனை நேரம் எப்படித்தான் அடக்கினாரோ! அந்த வீம்பில் பாதியைத் தினமும் அவளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். உடம்பு அப்படிக் கேட்காது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

கட்டிலில் கிடத்தி, சேறு காய்ந்த கால்களை நுவன்சான் வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"நொண்டுனது தெரிஞ்சுதா?"

"இல்லப்பா. ஒருத்தருக்கும் தெரியல."

"ஜெயிச்சாச்சு," என்று கோணல் வாயால் சிரித்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் கிழவரை ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பின்னாலேயே வாளியோடு வந்து சேற்றில் தண்ணீரைக் கொட்டினாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன? ஒரே ஒரு வார்த்தை."

"அவரைப் பாத்துக்கிட்டே எப்படிக்கா சொல்றது? நீயே சொல்லு."

"கண்ணை மூடிக்கிட்டாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"மூடித்தான் பாத்தேன்," என்றாள்.

அதற்குப்பிறகு பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. ருங்கை மறுபடி கூப்பிட்டேன். பேரை எழுதிக்கொண்டார்கள், அடுத்த கூட்டத்தில்தான் எடுப்பார்களாம், கூட்டம் கோடைக்கு. அதற்குள் மழை விட்டது. தோட்டக்காரர் சொன்னபடியே வேறு ஆளைப் போட்டார், மியன்மாரிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டுபேர். நன்றாகவே சீவுகிறார்கள். விடிந்தபிறகு சிரட்டையும் வாளியும் உரசும் சத்தம் கேட்கும்போது நுவன்சான் அப்பாவைப் புரட்டிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள். தலைவிளக்கை என்னிடம் கொடுத்துவிட்டாள். பகலில் என் கடைக்கு இலை தழை கழுவிக் கொடுக்கிறாள். நான் கொடுக்கிறதை எண்ணாமல் இடுப்பில் சொருகிக்கொள்கிறாள்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு மூட்டை வந்தது, தொண்டர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமாம். ஊரோடு ஒட்டிய முதியவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் பனியன். நெஞ்சில் தாமரைப் படம், கீழே 'வலுவான முதியோர், மகிழ்ச்சியான ஊர்' என்று எழுத்து. வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மைதானத்தில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி, கையில் பனியன் உள்ளவர்களுக்கு அங்கேயே சாப்பாடு. மூட்டையில் திம் பெரியப்பாவின் பேர் போட்டதும் ஒன்று இருந்தது. அதை அப்படியே குப்பையில் எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். கையெழுத்து வாங்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். நுவன்சான் பிரித்து, எழுத்தை வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் என்மேல் எறிவாள் என்று. அவள் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மரம் சீவுகிற கத்தியை எடுத்து வந்து தையல் ஓரமாகக் கிழித்து, இரண்டாக மடித்து, அப்பாவைப் புரட்டி அவருக்குக் கீழே விரித்தாள். தாமரை மேல்பக்கமாக இருந்தது.

"நல்ல பருத்திக்கா," என்றாள். "நல்லா உறிஞ்சும். வராதவங்க பனியன் ஏதாச்சும் மிஞ்சினா இன்னும் ரெண்டு வாங்கிட்டு வா."